பாலத்துக்கும் வடிகாலுக்கும் டிசைன் ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி: "சாலை வடிகால், கல்வெர்ட், பாலம் வேலைகளில் ஹைட்ராலிக் டிசைனுக்கென்று தனியாக ஒரு ஃபைல் வைக்க வேண்டுமா? கணக்குத் தாளும் வரைபடமும் இருந்தால் போதாதா? வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. 'ரிப்போர்ட் அப்ரூவ் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன' என்கிறார் சீனியர்."

போதாது. நான் ஒரு கன்சல்டன்சியில் கல்வெர்ட் எனும் சிறுபாலங்களுக்கும் பெரிய பாலங்களுக்கும் ஹைட்ராலிக்ஸ், அதாவது நீரோட்டக் கணக்கு, பார்ப்பவன். பழைய பாலத்தை அகலப்படுத்தும் வேலை வந்தால் முதலில் தேடுவது பழைய ஃபைலைத்தான். கிடைத்த ஃபைல்களில் பெரும்பாலும் கணக்கு இருக்கும், கணக்குக்குள் போன எண்கள் எங்கிருந்து வந்தன என்பது இருக்காது. நம் தொழிலில் கணக்கு சின்னது. எக்செல்லில் போட்டால் ஒரு நிமிடம். உள்ளே போடும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் டிசைன்.

ரைவ்ஸ் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை 'சி' என்ற கெழுவால் பெருக்கினால் வெள்ள அளவு வந்துவிடும். பரப்பு 27 சதுர கிலோமீட்டர் என்றால் அந்த அடுக்கு சரியாக 9. கடலோரத்துக்குச் சொல்லும் 6.8-ஐ 'சி' ஆக வைத்தால் விநாடிக்கு 61 கனமீட்டர். மலையடிவாரத்துக்குச் சொல்லும் 10.2-ஐ வைத்தால் 92 கனமீட்டர். ஒரே ஓடைதான், ஒன்றரை மடங்கு வித்தியாசம். கணக்குத் தாளில் "சி = 8.5" என்று மட்டும் இருந்தால் அது யோசித்து எடுத்த முடிவா, போன புராஜெக்டின் எக்செல்லிலிருந்து அப்படியே வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இரண்டு வரி காரணம் எழுதியிருந்தால் போதும். அந்த 27 சதுர கிலோமீட்டருக்குள் ஒரு ஏரி இருக்கிறதா, அதற்கு மேலே உள்ள பரப்பைச் சேர்த்தார்களா கழித்தார்களா, எந்த டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) கோடு போட்டார்கள் என்பதும் அங்கேயே வர வேண்டும்.

அடுத்தது ஹெச்.எஃப்.எல்., அதாவது உச்ச வெள்ள மட்டம். என் பார்வையில் முழு ஃபைலிலும் அதிகம் சந்தேகப்பட வேண்டிய எண் இதுதான். அளவு மானி இல்லாத ஆறுகளிலும் ஓடைகளிலும் ஊர்க்காரர்களை விசாரித்துத்தான் இதை எடுக்கிறோம். "அந்த வெள்ளத்துல கோயில் மூணாவது படி வரைக்கும் வந்துச்சு தம்பி" என்பார் ஒரு பெரியவர். நல்ல தகவல். திருநெல்வேலிக்காரர்கள் தாமிரபரணி வெள்ளத்தைப் பேசும்போது குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை மூழ்கியது என்றுதான் சொல்வார்கள். அதைவிட நேர்மையான அளவுகோல் பல இடங்களில் கிடைக்காது. ஆனால் அவர் சொன்னது 1992 வெள்ளமா, 2023 டிசம்பர் வெள்ளமா? அந்தப் படிக்கட்டு பாலத்துக்கு மேல்புறம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? அங்கிருந்து பாலத்துக்கு மட்டத்தைக் கொண்டுவர எந்தச் சரிவை எடுத்தீர்கள்? அந்த உயரம் ஆற்றின் இயல்பான உயரமா, கீழ்புறத் தரைப்பாலத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் ஏறியதா? இதெல்லாம் விசாரணைக்குப் போன அன்றே எழுதாவிட்டால் அடுத்த வாரம் உங்களுக்கே மறந்துவிடும். சொன்னவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், காட்டிய இடத்தில் மட்டம் பார்க்கும் ஸ்டாஃபை நிறுத்தி ஒரு ஃபோட்டோ, இரண்டாவது ஆளும் அதையே சொன்னாரா என்பது வரை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வரைபடத்தில் "ஹெச்.எஃப்.எல். +41.350" என்று மூன்று தசம இலக்கத்தோடு பார்க்கும்போது ஏதோ கருவியால் அளந்தது போலத் தெரியும். அது படிக்கட்டை வைத்து எடுத்தது என்பது ஃபைலைப் பார்த்தால்தான் தெரியும், தெரியவும் வேண்டும்.

ஹெச்.எஃப்.எல். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பெஞ்ச் மார்க், அதாவது மற்ற மட்டங்களை அளக்க ஆதாரமான குறி, போய்விட்டால் எல்லாம் போச்சு. ஒரு பழைய தரைப்பாலத்துக்குப் பதில் உயர்மட்டப் பாலம் போடும் வேலையில் பழைய வரைபடம் கிடைத்தது. அழகான கையெழுத்து, எல்லா மட்டமும் இருந்தது. மூலையில் ஒரு குறிப்பு: "டி.பி.எம். 100.000, இடதுகரைச் சத்திரத் திண்ணை." அதாவது தற்காலிக பெஞ்ச் மார்க் அந்தத் திண்ணைதான். சத்திரம் இடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. சரி, தரைப்பாலத்தின் தளத்தை வைத்தாவது பிடிக்கலாம் என்றால், அது மேல் மேல் போட்ட தார் அடுக்குகளுக்குள் புதைந்துபோயிருந்தது. அந்தக் காலத்து ஆற்றுப்படுகை எந்த மட்டத்தில் இருந்தது, இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற கேள்விக்குத் தோராயமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மணல் அள்ளிய நம் ஆறுகளில் அது சாதாரணக் கேள்வி இல்லை. ஆகவே குறைந்தது இரண்டு பெஞ்ச் மார்க், இரண்டும் வேலை நடக்கும் எல்லைக்கு வெளியே, நாடு முழுமைக்கும் பொதுவான ஜி.டி.எஸ். மட்டத்தோடு இணைத்து, அட்சரேகை தீர்க்கரேகையோடு. குறுக்குவெட்டு சர்வே எடுத்த தேதியும் அதே தாளில். தேதி இல்லாத குறுக்குவெட்டு எந்த ஆற்றைக் காட்டுகிறது என்று சொல்லவே முடியாது.

இது ஒன்றும் நமக்குப் புதிய பழக்கமில்லை. சென்னை மாகாணத்தில் 1880-களில் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தில் ஏரிக்கு ஏரி 'மெமாயர்' எழுதினார்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பு, கொள்ளளவு, முழு நீர் மட்டம், கலுங்கின் (உபரி நீர் வழியும் இடத்தின்) நீளம், மதகுகளின் மட்டம், உபரித் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கும் கலுங்குக்குக் கீழே உபரி வாய்க்காலைக் கடக்கிற இடத்தில் கல்வெர்ட் போடுகிறோம் என்றால் நீர்வளத் துறையில் போய் அந்த மெமாயரைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். மழையை வைத்துப் போடும் கணக்கும் கலுங்கு வெளியேற்றும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் எதை எடுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். மேல் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். ஏரிச் சங்கிலியில் அந்தக் கேள்வி நிச்சயம் ஒருநாள் வரும்.

வெள்ளத்தை எழுதிவைக்காததன் விலை இந்த ஊருக்குத் தெரியும். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்த விபத்து அது. அடுத்து வந்த கோஸ்லா குழு, பாலங்களுக்கான வெள்ளத்தைக் கணிக்க மழை, நீரோட்டத் தரவுகளை முறையாகச் சேகரிக்கச் சொன்னது. நாட்டை 26 உட்பகுதிகளாகப் பிரித்து மத்திய நீர் ஆணையமும் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வும் வானிலைத் துறையும் சேர்ந்து வெளியிட்ட வெள்ளக் கணிப்பு அறிக்கைகள் அந்த வழியில் வந்தவைதான். ரயில் பாலத் தூண்களில் வெள்ள மட்டத்தையும் அபாய மட்டத்தையும் பெயின்ட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் சாலைப் பாலங்களில் அதை எங்காவது பார்த்தால் எனக்கு ஒரு தனி மரியாதை வந்துவிடும்.

ஸ்கவர், அதாவது தூணடி அரிப்பு. லேசி முறையில் சராசரி அரிப்பு ஆழத்தைக் கணக்கிட்டு, தூணுக்கு இரண்டு மடங்கும் அபட்மென்டுக்கு (பாலத்தின் கரையோரத் தாங்கு சுவருக்கு) 1.27 மடங்கும் எடுக்கிறோம். இந்தக் கணக்குக்காகவே வெள்ள அளவைக் கூட்டவும் வேண்டும். 3,000 சதுர கிலோமீட்டருக்குள் இருக்கும் நீர்ப்பிடிப்புக்கு 30 சதவீதம் கூட்டு. இதெல்லாம் சாலைப் பாலங்களுக்கான விதித்தொகுப்பான ஐ.ஆர்.சி. 78-இல் இருக்கிறது, ஃபைலில் திரும்ப எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியது சில்ட் ஃபேக்டர், அதாவது படுகை மண்ணின் பருமனைக் காட்டும் எண், எந்த மண் மாதிரியிலிருந்து வந்தது என்பது. எந்த போர்ஹோல், எந்த ஆழம்? படுகையின் மேல்மணலை அள்ளிச் சோதித்துவிட்டு எட்டு மீட்டர் கீழே இருக்கும் களிமண்ணுக்கும் அதையே வைப்பது நடக்கிற கதைதான். அதைவிட முக்கியம், அடித்தளம் உண்மையில் எந்த மட்டத்தில் நின்றது என்பது. வரைபடத்தில் ஒன்று இருக்கும். சைட்டில் பாறை முன்னாலேயே வந்திருக்கும், அல்லது வந்ததாகச் சொல்லியிருப்பார்கள். அந்த மாற்றத்தை ஹைட்ராலிக்ஸ் பார்த்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய கடிதம் ஃபைலில் இல்லையென்றால், உங்கள் ஸ்கவர் கணக்கு வேறு ஏதோ ஒரு பாலத்துக்குப் போட்டது.

அமெரிக்காவில் 1987 ஏப்ரல் 5-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஸ்கொஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். ஆழமில்லாத அடித்தளத்துக்குக் கீழே மண் அரித்துப்போனது, தூண் சாய்ந்தது. 1955-இல் இதைவிடப் பெரிய வெள்ளத்தில் நின்ற பாலம் அது. தூணைச் சுற்றிப் போடும் பாறைக்கற்களைப் போதுமான அளவில் பராமரிக்காததுதான் காரணம் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். கூடவே துணைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது என்ன தெரியுமா? கட்டுமானத்துக்குப் பயன்படுத்திய வரைபடங்களிலும் விவரக்குறிப்புகளிலும் இருந்த தெளிவின்மை. அங்கே தேசியப் பாலப் பதிவேட்டில் ஸ்கவர் நிலையைக் குறிக்க ஒரு குறியீடு உண்டு. அதில் 'யு' என்று போட்டிருந்தால் அடித்தளமே என்னவென்று தெரியாத பாலம் என்று பொருள். ஆயிரக்கணக்கான பாலங்கள் அந்த வகையில் இருந்தன. கட்டியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், காகிதம்தான் மிஞ்சவில்லை.

ஹெக்-ராஸ் என்ற நீரோட்ட மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு: ரிப்போர்ட்டில் ஒட்டிய நீலப் படங்கள் ரெக்கார்டு ஆகாது. மாடல் ஃபைல்கள், எந்தப் பதிப்பு, கீழ்முனையில் என்ன நிபந்தனை கொடுத்தீர்கள், இவ்வளவும் வேண்டும். மானிங் 'என்' (படுகையின் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.030 போட்டிருந்தால் அந்த இடத்தின் ஃபோட்டோவும் வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிய படுகைக்கு 0.030 போட்டிருந்தால் ஃபோட்டோவே காட்டிக்கொடுத்துவிடும். "ஃபைனல்_2_புதுசு" என்ற பெயரில் நான்கு ஃபைல்களை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அப்ரூவ் ஆனது எதுவோ அதை மட்டும் தனி ஃபோல்டரில் பூட்டிவிடுங்கள்.

நகர மழைநீர் வடிகாலுக்குப் பெரிய ஃபைல் வேண்டாம். தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது, அங்கே அடிமட்டம் என்ன, கடலோரமாக இருந்தால் கடல்மட்டம் ஏறும் நேரத்தில் அங்கே நீர் எவ்வளவு நிற்கும், அந்த வாய்க்கால் யாருடையது, அவர்கள் சம்மதக் கடிதம் கொடுத்தார்களா? தண்ணீர் தேங்கியது என்று வரும் சண்டைகளில் பாதி இந்த ஐந்து பதில்களில் தீர்ந்துவிடும்.

கைவிட்ட யோசனைகளையும் வைத்திருங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நான்கு வென்ட் (தண்ணீர் போகும் கண்) என்று இருந்ததை மூன்றாக்கியது யார், எந்தக் கூட்டத்தில், அஃப்ளக்ஸ், அதாவது பாலம் தடுப்பதால் மேல்புறம் ஏறும் நீர்மட்டம், எவ்வளவு கூடியது? "இந்த இடத்தில் இன்னொரு பைப் வேண்டும்" என்று விவசாயிகள் கொடுத்த மனு எங்கே, ஏன் ஏற்கவில்லை? வயலில் தண்ணீர் நின்றுவிட்டது என்று வழக்கோ, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவோ வரும்போது இதைத்தான் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவை அன்றே ஒரு மின்னஞ்சலாக்கி, "இன்று நீங்கள் சொன்னபடி" என்று அனுப்பிவிடுங்கள். சீனியர் முறைப்பார், பரவாயில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில், திறந்து சுமார் மூன்று மாதமே ஆகியிருந்த அகரம்பள்ளிப்பட்டு தென்பெண்ணைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. டிசைனில் எடுத்த வெள்ளத்தைவிட மிக அதிகமாக வந்தது என்பது தரப்பட்ட விளக்கம். அது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. அப்படியொரு விளக்கத்தைச் சொல்ல வேண்டிய நிலை வரும்போது அந்த டிசைன் வெள்ளம் எப்படி வந்தது, அணை திறப்பைக் கணக்கில் எடுத்தார்களா, எந்த மீள்வருகைக் காலம் (எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்) என்று ஃபைலைத் திறந்து காட்ட முடிய வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

எங்கே, எவ்வளவு காலம் வைப்பது? ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் கட்டித் தூக்கிப்போடும் வழக்கம் இருக்கிறது. அந்தக் காலக்கெடு ஒப்பந்ததாரருக்கானது, பாலத்துக்கானது அல்ல. பாலத்தை இடிக்கும் நாள் வரை ஃபைல் வேண்டும், இடித்துப் புதிதாகக் கட்டும்போது இன்னும் அதிகமாக வேண்டும். ஆனால் அலுவலகம் மாறும், கரையான் வரும், ஹார்டு டிஸ்க் போகும். என் அனுபவத்தில் ரிப்போர்ட் தொலைந்தாலும் பாலத்தின் பொது அமைப்பைக் காட்டும் ஜி.ஏ.டி. வரைபடம் எங்காவது ஒரு பிரதி பிழைத்திருக்கும். அதனால் அந்த வரைபடத்திலேயே ஒரு கட்டம் போட்டு டிசைன் வெள்ளம், அதை எடுத்த முறை, நீர்ப்பிடிப்புப் பரப்பு, வேகம், ஹெச்.எஃப்.எல். எந்த வெள்ளத்தினுடையது, அதிகபட்ச அரிப்பு மட்டம், சில்ட் ஃபேக்டர், பெஞ்ச் மார்க் இருக்கும் இடம், சர்வே தேதி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். கட்டி முடித்ததை உள்ளபடி காட்டும் அஸ்-பில்ட் வரைபடம் தயாராகும்போது உண்மையான அடித்தள மட்டத்தை ஒவ்வொரு தூணுக்கும் அதே கட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் கடைசி பில்லுக்கு வரும்போது கேட்டால் உடனே தந்துவிடுவார். பில் பாஸான பிறகு கேட்டால் போனையே எடுக்கமாட்டார்.