பக்கத்து லேயரின் நிறம் ஒட்டுகிறதா? கேள்வி பதில்

டெல்டா பக்கம் பிளெக்ஸ் கடை, ஸ்டூடியோ, சேலை டிசைன் என்று படத்தோடு வேலை செய்கிறவர்கள் கேட்டவை இவை. ஒட்டியிருக்கும் இரண்டு லேயர்களின் (போட்டோஷாப் போன்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களின்) நிறம் ஏன் கலக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது.

கும்பகோணம், பிளெக்ஸ் கடை: திருவிழா பேனரில் வளைந்த மஞ்சள் பட்டை, அதை ஒட்டியே சிவப்புப் பட்டை. இரண்டும் தனித்தனி லேயர். நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. எங்கிருந்து வருகிறது?

பின்னணியிலிருந்து. வளைவு படிக்கட்டு மாதிரித் தெரியாமல் இருக்க, மென்பொருள் ஓரப் பிக்சல்களை (படத்தின் மிகச் சிறிய புள்ளிகளை) பாதி மட்டும் நிரப்புகிறது. மஞ்சள் 50 சதவீதம் மூடியதும் அந்தப் பிக்சலில் வெள்ளை 50 மிஞ்சுகிறது. மேலே சிவப்பு 50 வருகிறது. இரண்டும் சேர்ந்து 100 ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆகாது. சிவப்பு, தனக்கு அடியில் இருப்பதில் பாதியைத்தான் மறைக்கும். வெள்ளை 25 சதவீதம் அப்படியே நிற்கும். அதுதான் உங்கள் கோடு. எத்தனை துல்லியமாக ஒட்டினாலும் போகாது.

அதனால் ஒட்டாதீர்கள், அடியில் நுழையுங்கள். மஞ்சள் பட்டையைத் தேர்ந்தெடுத்து, அந்தச் செலக்‌ஷனை ‘எக்ஸ்பாண்ட்’ மூலம் 2 அல்லது 3 பிக்சல் விரித்து நிரப்பி, சிவப்புக்கு அடியில் போக விடுங்கள். ஓடு வேய்கிற மாதிரிதான்: முட்ட வைத்தால் ஒழுகும், ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் ஒழுகாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மன்னார்குடி, ஸ்டூடியோ: வயல் வரப்பில் எடுத்த படத்தில் பெண்ணை மட்டும் வெட்டி வேறு பின்னணியில் வைத்தேன். முடி ஓரமெல்லாம் பச்சை.

அந்தப் பச்சை லேயரில் கலந்ததல்ல, கேமராவிலேயே கலந்தது. முடி ஓரத்துப் பிக்சலில் முடியும் நெற்பயிரும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். முடியை மேலும் மேலும் வெட்டாதீர்கள், தலை மொட்டையாகிவிடும். போட்டோஷாப்பின் ‘செலக்ட் அண்டு மாஸ்க்’ பகுதியில் ‘டீகன்டாமினேட் கலர்ஸ்’ போட்டுப் பாருங்கள். மிச்சம் இருந்தால், மேலே ஒரு கிளிப்பிங் லேயர் (அடி லேயரின் எல்லைக்குள் மட்டும் தெரிவது) வைத்து, அதை நிறத்தை மட்டும் மாற்றும் ‘கலர்’ மோடுக்கு மாற்றி, முடியின் நிறத்தை எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தில் தடவுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். வேலை நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

திருபுவனம், பட்டுச் சேலை டிசைன்: பார்டருக்கு நிறம் கொடுத்தால் உடலுக்குள் வழிகிறது.

பார்டர் லேயரில் ‘லாக் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்’ பூட்டைப் போடுங்கள். ஸ்மட்ஜ் கருவி எடுத்தால் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜரிகை நிறத்தையும் இழுத்து வரும். தறிக்குப் போகிற கட்டப் படம் என்றால் பிரஷ்ஷே வேண்டாம், பென்சில் கருவிதான். ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம். அளவை மாற்றும்போதும் ‘நியரஸ்ட் நெய்பர்’ தேர்ந்தெடுங்கள். மற்ற முறைகள் நீங்கள் கொடுக்காத இடைநிறங்களைப் புகுத்திவிடும்.

தஞ்சாவூர், ஓவியம் வரைபவர்: சிவப்பும் பச்சையும் மென்மையாகச் சேரும் இடத்தில் அழுக்குப் பழுப்பு வருகிறது.

கணக்கு போடும் விதம் காரணம். சிவப்பு 255, பச்சை 255 இரண்டையும் சேமித்த எண்களிலேயே பாதிப் பாதியாகக் கலந்தால் 128, 128, 0 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) வரும்; மங்கல். ஒளியின் அளவில் கலந்தால் ஏறக்குறைய 188, 188, 0, வெளிச்சமான மஞ்சள். போட்டோஷாப்பில் ‘கலர் செட்டிங்ஸ்’ உள்ளே ‘பிளெண்ட் ஆர்ஜிபி கலர்ஸ் யூஸிங் காமா’ என்பதை 1.00 ஆக்குங்கள். ஆனால் அரைகுறை ஒளிபுகும் பழைய படங்களின் தோற்றமும் மாறும், அதனால் வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

திருவாரூர்: மேல் லேயரில் அடி நிறம் தெரிகிறது.

மோடு ‘நார்மல்’ ஆகவும், அடி நிறத்தை மறைக்கும் அளவான ஒபாசிட்டி, ஃபில் இரண்டும் 100 ஆகவும் இருக்கின்றனவா? முதலில் இதைப் பாருங்கள்.

மயிலாடுதுறை: கணினியில் சுத்தமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பச்சைமேல் இருக்கும் சிவப்பு எழுத்து கசிகிறது.

லேயர் மேல் பழி இல்லை. போட்டோவாக அனுப்பும்போது நடக்கும் ஜேபெக் சுருக்கம் பெரும்பாலும் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும். படத்தைப் பிஎன்ஜி வகைக் கோப்பாக்கி, போட்டோவாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.