அமெரிக்க அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளைப் புரிந்துகொள்ள வேண்டுமா, மனப்பாடம் செய்தால் போதுமா?

குடியுரிமைத் தேர்வுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேறுவதற்கு மனப்பாடம் போதும். என் அம்மா நேர்காணலுக்குப் போய்ப் பதில் சொன்ன காலத்தில் 100 கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. அதிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரியானால் தேர்ச்சி. ஆனாலும் இந்த 'போதும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 55 வயதைக் கடந்து, கிரீன் கார்டு வாங்கி 15 ஆண்டுகள் ஆனவர்கள் தாய்மொழியில் பதில் சொல்லலாம் என்பதால் தமிழில் தயாரானார். அரசின் மூன்று பிரிவுகளில் (நாடாளுமன்றமான காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம்) ஒன்று மட்டும் அளவுக்கு மீறிய அதிகாரம் பெறாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு, 'அதிகாரப் பிரிவினை' என்று எழுதிக்கொடுத்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "பிரித்துவிட்டால் மட்டும் எப்படித் தடுக்கும்? மூன்று பேரும் தனித்தனியே ஆடமாட்டார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவுதான் உட்கார்ந்து படித்தேன். 1781-இல் நடைமுறைக்கு வந்த முதல் அரசமைப்பு ஏற்பாட்டில் மத்திய அரசுக்கு வரி விதிக்கும் உரிமையே கிடையாது. அதை மாற்ற 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஆயுதம் எடுத்தபோது மத்திய அரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. மறு ஆண்டு கோடையில் புதிய அரசமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு வலுவான அரசும் வேண்டும், மறுபடி ஓர் அரசன் முளைத்துவிடவும் கூடாது. அதனால் பிரித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொருவர் வேலையிலும் மற்றவருக்குக் கொஞ்சம் பிடி கொடுத்தார்கள். காங்கிரஸின் மசோதாவை அதிபர் மறுக்கலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்த மறுப்பைத் தாண்டலாம். நீதிபதியை அதிபர் நியமிக்க, காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்ப வேண்டும்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம் ஊர்க் கோயில் உண்டியல் மாதிரி. இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, ஆனால் யாரும் தனியாகத் திறக்க முடியாது." இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதிய சட்டத்தைப் புகழ்கிறாயே என்று சண்டைக்கு வருபவர்கள் வருவார்கள். தெரியும். பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகச் சேர்த்தார்கள். 'அடிமை' என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தார்கள். பிலடெல்பியாவில் கூடிய 55 பேரில் பெண் ஒருவர்கூட இல்லை. கருத்து சரியானது, அதை எல்லோருக்கும் தர மறுத்தது அநியாயம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நேர்காணலில் அதே கேள்வி வந்தது. அம்மா உண்டியலில் தொடங்கி, இரண்டு சாவி, மசோதா, மறுப்பு என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் பணம் கொடுத்து அழைத்துப்போன மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும் விழுங்கிவிட்டு, பட்டியலில் உள்ள விடையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். நேரம் மிச்சமாம். வயதானவர்கள் சொல்வதை முழுதாகச் சொல்லும் பொறுமை இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்கு ஏன் வருகிறார்கள்? மருத்துவமனையிலும் இதையேதான் பார்த்திருக்கிறேன். அம்மா பத்து நிமிடம் வலியைச் சொன்னால் மருத்துவர் காதுக்கு "முழங்கால் வலி" என்று போய்ச் சேரும்.

தேறிவிட்டார். காரில் ஏறியதும் அம்மா முதலில் சொன்னது அதையல்ல. "நான் அவ்வளவு நேரம் சொன்னேன், அந்தப் பையன் அரை நொடியில் முடித்துவிட்டான். சாவியைப் பற்றிச் சொல்லவே இல்லை, இல்லையா?"