பாத்திரத்தில் பெயர், படத்தில் முகம்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வேலைக்காகப் பள்ளத்தூரில் குடியிருக்கிறேன். ஐந்து வருடமாகக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் வந்ததில் பழைய புகைப்படங்கள் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. கூடவே பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம், எனாமல் தூக்கு, கோலி சோடா பாட்டில், கல்யாணப் பத்திரிகை, சாவிக்கொத்து என்று கைக்கு அகப்பட்டதெல்லாம். பொங்கல் விடுமுறையில் வீட்டின் முன்கூடமான முகப்பைத் திறந்துவிடுகிறேன், கண்காட்சி வை என்று வீட்டுக்கார ஆச்சி சொன்னார்கள். மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய பங்காளி ஒருவர் வந்தார். ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். “இது எங்கள் அப்பத்தா. இவர்களை எவ்வளவுக்கு வாங்கினாய்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கண்காட்சி வைக்கலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வையுங்கள். அந்த ஒரு படத்தை மட்டும் இப்போதே இறக்கிவிடுங்கள்.

இறக்கிய கையோடு அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்கள். ஆச்சியையும் அழைத்துக்கொண்டு போவது நல்லது; நீங்கள் வெளியூர்ப் பெண், அவர்கள் பக்கத்தில் இருந்தால் பேச்சு சுலபமாகத் தொடங்கும். “என்ன விலைக்கு வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது ஐயா, இது உங்களிடம் இருக்க வேண்டியது” என்று கொடுத்துவிடுங்கள். காசு கேட்காதீர்கள். ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்தது காகிதத்துக்குத்தான். படத்தின் பதிப்புரிமைகூட அதோடு சேர்ந்து கைமாறுவதில்லை. அந்த அப்பத்தா எப்படி மாறுவார்கள்?

அவர் கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கும். செட்டிநாட்டு வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமாகித் தனிக் கணக்கான குடும்பங்களுக்கு, பொது. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிச் சாய்வாகத் தொங்கிய படங்களுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைத்தவர் இல்லை. பாகம் பிரித்து வீட்டை விற்கும்போது தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். படங்கள் சாக்கில் போய்விடும். அப்பத்தாவைக் கடைத்தெருவுக்கு அனுப்பியது தன் வீட்டார்தான் என்பது அவருக்கும் தெரியும். அந்த வலியை உங்கள் மேல் இறக்கிவைத்தார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மற்ற படங்களுக்கு வருகிறேன். என் பிழை ஒன்றைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். பல வருடங்களுக்கு முன் கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்று வாங்கினேன். படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அளவுவாரியாக அடுக்கி அழகு பார்த்தேன். ஆல்பத்தின் அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது: எந்தக் குழந்தைக்கு அடுத்து எந்தத் தாய் இருந்தாள், யார் யாரோடு ஒரே பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் கதை. அதை நானே கலைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த நாற்பது பேர் என் பெட்டியில் அநாதைகளாக இருக்கிறார்கள்.

ஆகவே, எது எதோடு வந்தது என்பதைக் கலைக்காதீர்கள். எந்தக் கடை, எந்த மாதம், கூட என்ன கிடந்தது, கடைக்காரர் எந்த ஊர் வீடு என்றார் என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் இதற்குத் தனிப் பயன் உண்டு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். மூன்று நான்கு முதலெழுத்துகள் கொண்ட விலாசம், சிலவற்றில் ஊரும் சேர்த்து. படத்தில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. பாத்திரத்தில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. இரண்டும் ஒரே சாக்கில் வந்திருந்தால் கேட்டுப் பார்க்க ஒரு வழி பிறக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில், என்ன விலாசம் என்று மூன்றைச் சொன்னால், நகரத்தாரின் குலப் பிரிவுகளான ஒன்பது கோயில் வழியாகவே ஆளைக் கண்டுபிடித்துவிடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படமும் பேசும். வயதான தம்பதி, அந்த அம்மாள் கழுத்தில் நகரத்தாரின் கல்யாணத் தாலியான கழுத்துரு: அது அநேகமாக அறுபதாம் கல்யாணம். அட்டையின் அடியில் ரங்கூன், கொழும்பு என்று ஸ்டூடியோ பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரங்கூன் படம் என்றால் பெரும்பாலும் 1942க்கு முந்தியது. அந்த மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைய, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களில் பலர் கடை கண்ணியை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த இடங்களின் ஓரத்தில் நீலமும் வெள்ளியுமாக ஒரு மினுமினுப்புத் தெரியும். அழுக்கென்று துடைக்காதீர்கள், படத்தின் வெள்ளியே மேலே வந்து நிற்பது அது.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடே பிரதி எடுக்கலாம். லாமினேஷன், செல்லோடேப், பால்பாயின்ட் பேனா மூன்றும் கூடாது. குறிப்பை மெல்லிய பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதுங்கள். காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பச்சை வேப்பிலை போடுகிறார்கள். அதன் ஈரம் படத்தில் கறையாக இறங்கும்.

முகப்பில் பிரதிகளை மாட்டுங்கள், மூலப்படங்கள் பெட்டியில் இருக்கட்டும். காலை வெயில் முகப்புக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆணியடியுங்கள். பெயர் தெரியாத படத்தின் கீழே “யாரென்று தெரியவில்லை” என்றே எழுதுங்கள். “பர்மாவில் கணவனுக்காகக் காத்திருந்த மனைவி” என்று கவிதை எழுதத் தோன்றும். எழுதிவிட்டால் மறுநாள் அதையே ஊர் சரித்திரமாக்கிவிடும். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். இறந்தவரை உட்கார வைத்துச் சுற்றத்தார் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் உங்கள் சேகரிப்பிலும் சில இருக்கும். அவற்றை மாட்ட வேண்டாம். அந்தப் படங்கள் வீட்டாருக்காக எடுக்கப்பட்டவை.

சில்லறைப் பொருள்களை ஏன் வைத்திருக்கிறாய் என்று யாராவது சிரித்தால் பக்கத்துக் கோட்டையூரைக் காட்டுங்கள். அங்கே ரோஜா முத்தையா என்பவர் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எல்லோரும் எறிந்ததையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாகி நிற்கிறது. ஸ்டூடியோ படங்களுக்கு யோசனை கேட்க வேண்டுமானால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் படங்களுக்கு டிஜிட்டல் பிரதி எடுத்தவர்கள் அவர்கள். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் யாராவது விலை பேசினால் ஜாக்கிரதை: நூறு வருடம் கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்காது.

ஒன்றை மறந்துவிட்டேன். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும் வேகத்தில் அந்தப் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வெட்டிய எழுத்து ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலரவைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எழுத்துகளைப் படம் எடுத்து வையுங்கள்.