கேள்வி பதில்: வாய்விட்டு வாசித்தலும் சொல்வதை எழுதுதலும்

கேள்வி: என் மகள் பாடத்தைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கிறாள், வாசித்ததைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறாள். அதே பாடத்தை நான் சொல்லச் சொல்ல எழுதும்போதோ வரிக்கு வரி பிழை. நன்றாக வாசிப்பவளுக்கு எழுதவும் வர வேண்டாமா?

பதில்: கட்டாயம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், மொழி நடத்தை குறித்து 1957இல் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லை அதன் பொருளைக் கொண்டு வகைப்படுத்தாமல், எது அதைச் சொல்லத் தூண்டுகிறது என்பதைக் கொண்டு வகைப்படுத்தினார். தாகமெடுத்துத் ‘தண்ணீர்’ என்பது ஒரு வகை; தண்ணீரைக் கண்டு அப்படிச் சொல்வது இன்னொரு வகை. அச்சில் கண்டு சொல்வதற்குத் தாகமும் வேண்டாம், நீரும் வேண்டாம், எழுத்து இருந்தால் போதும். உங்கள் மகள் செய்வது இந்த மூன்றாவது வகை. பொருள் புரிவது அதற்கு அடுத்த கட்டம். தன் வாயிலிருந்து வந்ததற்குத் தானே கேட்பவராகவும் இருந்தால்தான் அது நடக்கும். ‘சன்னலைத் திற’ என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவள் வாசிப்பதோடு நின்றுவிடுகிறாளா, எழுந்து போய்த் திறக்கிறாளா என்பதிலேயே நிலைமை விளங்கிவிடும்.

சொல்வதை எழுதும்போது திசை மாறுகிறது: தூண்டுவது ஒலி, விளைவது எழுத்து. பார்த்து எழுதும் குழந்தை மூலத்தையும் தன் எழுத்தையும் அருகருகே வைத்துப் பிழையைத் தானே கண்டுகொள்ள முடியும். கேட்ட ஒலிக்கும் தாளில் உள்ள வரிவடிவத்துக்கும் அப்படி ஒப்பிடத்தக்க உருவ ஒற்றுமை எதுவும் இல்லை. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதைத் தனியாகப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மணம்’ என்று எழுதியிருப்பதை வாசிப்பதில் ஐயமில்லை. ஆனால் சொல்பவர் நாவில் ணகரமும் னகரமும் ஒன்றாகவே ஒலித்தால், மனமா மணமா என்று குழந்தை எதைக்கொண்டு முடிவு செய்யும்? ‘பூவின் மணம்’ என்றால் சரியாக எழுதிவிடுவாள், ஏனெனில் அப்போது ஒலியோடு ‘பூ’ என்ற சொல்லும் சேர்ந்து அவள் கையை நடத்துகிறது. கறாராகப் பார்த்தால் அது வெறுமனே சொல்வதை எழுதுதல் அன்று. எனினும் நமக்கு வேண்டியது அதுதான். ஆகவே தனிச் சொற்களாக அடுக்காமல் சிறு தொடர்களாகச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அவள் எழுத்தை அவளையே உரக்க வாசிக்கச் செய்யுங்கள். நம் உச்சரிப்பையும் சற்றுத் திருத்திக்கொண்டால் (பெரியவர்கள் இதை விரும்புவதில்லை) பிழைகளில் பாதி நம்முடையவை என்பது தெரியவரும்.

கேள்வி: சுருக்கெழுத்தும் சொல்வதை எழுதுதல் என்ற வகையில் சேருமா?

பதில்: சேரும். 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறையில் கோடுகள் ஒலிகளையே குறிப்பதால், கேட்டதற்கும் எழுதியதற்கும், உருவ ஒற்றுமை இல்லாவிட்டாலும், இந்த ஒலிக்கு இந்தக் குறி என்று பகுதிக்குப் பகுதி பொருத்தம் இருக்கிறது. கூட்டத்தில் பேசியதைச் சுருக்கிக் குறிப்பெழுதுவதில் அந்தப் பொருத்தம் இல்லாததால் அது சேராது.