கடை வெளிச்சத்தில் வாங்கி, வெயிலில் வரைகிறவர்களுக்கு

மரினா அணைக்கட்டின் புல்வெளியில் காலை 11 மணிக்கு உட்கார்ந்து ஐபேடில் வரைகிறேன். அரை மணி நேரத்தில் திரை மங்கிவிடுகிறது. கடையில் கொடுத்தால் பழுதே இல்லை என்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லலாமா?
— தெம்பனிஸ் வாசகர்

முடியாது. கடைக்காரர் சொல்வது சரி. ஐபேடைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் சிங்கப்பூரில் நிழலிலேயே 32, 33 ஆகிவிடுகிறது. நேர் வெயிலில் கண்ணாடி அதைவிடச் சுடும். சூடு ஏறினால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கவைக்கும். உறையைக் கழற்றுங்கள், மின்னேற்றிக்கொண்டே வரையாதீர்கள், மரத்தடிக்கு மாறுங்கள். காலை எட்டு மணிக்கு நிழல்களும் நீளமாக விழும். படத்துக்கும் அதுதான் நல்லது.

வெளியில் திரையை நிமிர்த்திப் பிடித்தால் கறுப்பாகிறது, படுக்கை வாட்டில் திருப்பினால் தெரிகிறது. பழுதா?
— பிடோக் வாசகி

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு வாட்டில் வரும் ஒளியைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி செய்யும் வேலை அது.

மகளுக்கு 14 வயது. அழுத்தினால் கோடு தடிக்கும் பேனா வேண்டும் என்று கடையில் கேட்டேன். 'எல்லாம் செய்யும்' என்றார்கள். வீட்டில் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே கோடுதான். 'பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.
— ஈசூன் தாய்

அம்மா, கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல.

எனக்கும் இதே ஏமாற்றம் நேர்ந்திருக்கிறது. 'ஒரிஜினல் மாதிரியே' என்று ஒரு கடையில் விற்ற பேனாவை நம்பி வாங்கி, மறுநாளே பூமலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 5 வெள்ளித் தாளில் இருக்கிறதே, அந்தத் தெம்புசு மரத்தை வரைய ஆசை. தரையை ஒட்டி நீளும் அந்தக் கிளையை வரைந்தேன். நுனியில் சிறு கொப்புகளை வரைந்தேன். இரண்டும் ஒரே தடிமன். மரம் கம்பியில் வளைத்த பொம்மைபோல இருந்தது. கை வரவில்லை என்று ஒரு வாரம் என்னையே நொந்துகொண்டேன். குற்றம் பேனாவில் இருந்தது.

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. காந்தத்தில் ஒட்டுவதும், சாய்த்தால் நிழல் விழுவதும் அழுத்தத்தை உணர்வது ஆகாது. ஐபேடுக்கென்று விற்கும் மலிவுப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் தெரியாது. ஆப்பிள் 2023இல் கொண்டுவந்த யூஎஸ்பி-சி பென்சிலுக்கே தெரியாது. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, புரோ ஆகிய மூன்று ஆப்பிள் பென்சில்களுக்கும் தெரியும். ஆனால் எல்லாம் எல்லா ஐபேடுக்கும் சேராது. 2024இல் வந்த ஐபேட் புரோவில் இரண்டாம் தலைமுறைப் பென்சில் வேலை செய்யாது. சாம்சுங் டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டியிலேயே வரும், அழுத்தமும் உணரும். கடையிலேயே ஒரு கோடு போடச் சொல்லுங்கள்: மெல்லத் தொடங்கி அழுத்தி முடிக்க வேண்டும். பத்து விநாடி வேலை. அதற்கு மறுக்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி, அதற்கு உதவும் என்று அவர்களும் சொல்லி விற்ற பொருள் அதற்கு உதவ வேண்டும். அதுதான் சட்டம். பெட்டியைத் திறந்தது அதற்குப் பதில் ஆகாது. குறையுள்ள பொருள் வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை முதலிலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று கடைதான் காட்ட வேண்டும். நடந்ததைத் தேதியோடு எழுதி, ரசீது நகலுடன் கடைக்கு அனுப்புங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேசலாம். விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் பார்த்து, எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் ஒருவரிடம் பழைய ஐபேட் வாங்கினேன். வீட்டில் திறந்தால் முன்னவரின் கணக்கைக் கேட்கிறது. 'லெமன்' சட்டம் உதவுமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

உதவாது. அது வியாபாரியிடம் வாங்கியவர்களுக்கு. பணத்தை எண்ணிக் கொடுத்த நேரத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கலாமே! இதே கடிதம் வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. விற்றவரை உடனே கூப்பிடுங்கள். அவர் நேரில் வர வேண்டியதில்லை. தம் கணக்கிலிருந்தே அந்தக் கருவியை நீக்கிவிடலாம். மறுத்தால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். போலிசுக்குப் போங்கள்.

ஐபேடில் புரோகிரியேட் என்ற வரையும் செயலி திணறியது. நீக்கிவிட்டு மறுபடி இறக்கினேன். பூலாவ் ஊபினில் இரண்டு ஆண்டாக வரைந்த அத்தனையும் போய்விட்டது.
— ஜூரோங் வாசகி

படித்ததும் மனசு கனத்தது. அந்தச் செயலி படங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். அதை நீக்கினால் படங்களும் போகும். ஒரு வழி மிச்சம். நீக்குவதற்கு முன் எடுத்த ஐகிளவுட் காப்பு இருக்கிறதா என்று அமைப்புகளில் தேதியைப் பாருங்கள். இருந்தால் ஐபேட் முழுவதையும் அதிலிருந்து மீட்டெடுக்கலாம். புதிய காப்பு வந்து பழையதை மூடிவிடக்கூடும். ஆகவே இன்றிரவு மின்னேற்றும் முன் தானியங்கிக் காப்பை நிறுத்திவையுங்கள்.