பழைய சீன ஜேட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

5,000 ஆண்டு பழமையான ஹோங்ஷான் (சீனப் புதிய கற்காலப் பண்பாடு) ‘பன்றி நாகம்’ ஒன்றை, அதாவது பன்றித் தலையோடு சுருண்ட நாக வடிவ ஜேட் கல்லை, 200 டாலருக்கு வாங்கினேன். ஆய்வகத்தில் கொடுத்தால் வயதைச் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். அது என்ன கல் என்று மட்டும் சொல்வார்கள். கார்பன் 14 முறை மரம், எலும்பு போல உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் செல்லும். கல்லோ மலைக்குள் எப்போதோ உருவானது. அதை மனிதர் அறுத்த நாள் அதற்குள் பதிவாவதில்லை.

அதனால் முறையாகத் தோண்டி எடுத்தவற்றோடு ஒப்பிடுவதுதான் வழி. 1976இல் சீனாவின் ஆன்யாங்கில் திறந்த, சுமார் 3,200 ஆண்டுக்கு முந்தைய ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் 755 ஜேட் பொருள்கள் இருந்தன. அங்கேயும் ஒரு வேடிக்கை: அவற்றில் சில அவர் காலத்துக்கே ‘பழம்பொருள்’, புதிய கற்காலத்தவை. கல்லறையின் தேதி புதைத்த நாளைத்தான் காட்டும், செதுக்கிய நாளை அல்ல.

உங்கள் 200 டாலர் நாகம்? அலமாரிக்கு அழகாக இருக்கும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும்?

‘செதுக்கினார்கள்’ என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, ஜேட்டில் உளி ஏறாது. ஈர மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் எடுத்தார்கள். தேய்த்த கருவி தடம் விட்டுப் போகும். நாம் படிப்பது அந்தத் தடத்தை.

கற்காலத்தில் கயிற்றில் மணல் பூசி அறுத்தார்கள். கயிறு வளைந்து இழுபடும் என்பதால் பரப்பில் வில் போன்ற வரிகள் தெரியும். துளையை இரண்டு பக்கமிருந்தும் போட்டார்கள். நடுவில் இரண்டும் சரியாகச் சந்திக்காமல் ஒரு சின்ன விளிம்பு நிற்கும். பிற்காலத்தில் காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புத் தட்டு வந்தது. அது வெட்டிய கோடு படகு மாதிரி: நடுவே ஆழம், இரு முனையிலும் மெலிவு. நீண்ட வளைவை உற்றுப் பார்த்தால் பல சிறு வெட்டுகளைக் கோத்தது தெரியும். இன்றைய மின்கருவியில் வைர முனை. அதன் கோடு பெரும்பாலும் ஒரே ஆழத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

நான் முதலில் பார்ப்பது துளையின் உட்புறத்தைத்தான். போலி செய்பவர் வெளியே மெருகு போடுவார். உள்ளே போகும்போது பொறுமை தீர்ந்துவிடும். அப்புறம், தொங்கவிட்டு அணிந்த பொருள் என்றால் கயிறு இழுத்த மேல் விளிம்பு மட்டும் மழுங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

பழுப்புக் கறை மண்ணில் புதைந்திருந்ததற்கு அடையாளம் இல்லையா?

இருக்கலாம். ஆனால் கறை ஏற்றுவது நூற்றாண்டுகளாக நடக்கும் தொழில். நெருப்பில் சுட்டாலே எலும்பு மாதிரி வெளுத்துவிடும். கோட்டின் பள்ளத்திலும் வெடிப்பிலும் மட்டும் நிறம் தேங்கியிருந்தால் அது சாயமாக இருக்கலாம்.

என் ஜேட் பொருளின் அடியில் சீனப் பேரரசர் சியான்லோங்கின் முத்திரை இருக்கிறது. அரண்மனைப் பொருள்தானே?

முத்திரையைக் கடைசியில் பாருங்கள். எந்தக் காலத்திலும் எளிதாகச் சேர்க்கக்கூடியது அதுதான். சியான்லோங் (1736–1795) ஆட்சியில் 1759க்குப் பிறகு ஜேட் கிடைக்கும் மேற்குப் பகுதியான கோத்தான் கைக்கு வந்து, நல்ல கல் தாராளமாகக் கிடைத்தது. பழைய வடிவங்களைப் பார்த்துச் செய்யச் சொல்லி, ‘பழமையைப் பின்பற்றியது’ என்றே அதில் பொறிக்கவும் வைத்தார். அது நேர்மையான நகல். மிங் காலத்துச் சூசோ கலைஞர் லூ சிகாங்கின் பெயர் கதை வேறு: அவர் காலத்துக்குப் பின் செய்த எத்தனையோ பதக்கங்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

1964இல் பர்மாவிலிருந்து வந்தபோது பாட்டி கொண்டுவந்த பச்சைக் காப்பு. கடைக்காரர் ‘மிங் கால ஜேட்’ என்கிறார்.

கடைக்காரருக்குக் கற்பனை வளம் அதிகம். ஜேட் என்ற பெயரில் இரண்டு வேறு கற்கள் உண்டு: ஜேடைட், நெஃப்ரைட். பளிச்சென்ற பர்மாப் பச்சை ஜேடைட் வகை. சீனாவுக்கு அது அதிக அளவில் போனதே 18ஆம் நூற்றாண்டில்தான். மிங் ஆட்சி 1644லேயே முடிந்துவிட்டது. பழைய சீனப் பொருள்களில் இருப்பது நெஃப்ரைட்.

உங்களுடையது எந்தக் கல் என்று அறிய ஊசியைச் சுட்டு வைப்பது, கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். காப்பை எடை போடுங்கள்; 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காப்பை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். தராசு 15 காட்டினால் ஜேடைட், 17 என்றால் நெஃப்ரைட், 19 பக்கம் போனால் சர்ப்பென்டைன் என்ற மென்மையான கல்லாக இருக்கலாம்.

அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ஜேடைட் சந்தைக்கு வந்தது 1980களில். 1964இல் வந்த காப்புக்கு அந்தக் கவலை இல்லை. சாயம் வேண்டுமானால் அப்போதே உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பச்சை நரம்பு நரம்பாக ஓடுகிறதா என்று பாருங்கள்; ஓடினால் அது சாயமாக இருக்கலாம்.