இணைவு மின்சாரம்: டிரிட்டியம் எங்கிருந்து வரும்?

கேள்வி: 2022-ல் அமெரிக்காவில் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் சோதனையில் போட்டதைவிட அதிக ஆற்றல் கிடைத்ததாமே. அப்புறம் ஏன் சார் மின்நிலையம் வரவில்லை?

பதில்: லிவர்மோர் ஆய்வகத்தில் அந்த டிசம்பரில் நடந்தது பெரிய சாதனை. எரிபொருளை நோக்கிப் பாய்ச்சிய லேசர் 2.05 மெகாஜூல், கிடைத்தது 3.15. ஆனால் அந்த லேசரை இயக்க கிரிட்டிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். இப்படிச் செய்தி வந்தால், மீட்டரை எங்கே வைத்து அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் (ITER) என்ற சோதனை இணைவு உலையின் இலக்கும் 50 மெகாவாட் உள்ளே, 500 வெளியே. இரண்டும் பிளாஸ்மாவின், அதாவது இணைவு நடக்கும் அதிசூடான வாயுவின் கணக்கு; மின்சாரக் கணக்கல்ல. இரண்டு இடத்திலும் மின்சாரம் எடுக்க டர்பைனே கிடையாது.

கேள்வி: கடல்நீரே எரிபொருள், தீரவே தீராது என்கிறார்களே?

பதில்: பாதி சரி. எரிபொருள் ஹைட்ரஜனின் இரண்டு கனமான வகைகள். அவற்றில் டியூட்டீரியம் கடலில் தாராளமாக உண்டு. அதோடு சேர வேண்டிய டிரிட்டியத்துக்கு அரை ஆயுள் (பாதி சிதைந்துபோகும் காலம்) 12.3 ஆண்டுதான், இயற்கையில் தேங்காது. 1000 மெகாவாட் வெப்பம் தரும் உலை நாளொன்றுக்கு 150 கிராம், ஆண்டுக்கு 56 கிலோ எரிக்கும். கனநீர் அணு உலைகளிலிருந்து கிடைக்கும் கையிருப்போ சில பத்து கிலோ.

அதனால் உலையே அதை விளைவிக்க வேண்டும். ஓர் இணைவுக்கு ஒரு டிரிட்டியம் செலவு, ஒரு நியூட்ரான் வரவு. அது சுவருக்குப் பின்னாலுள்ள லித்தியம்-6-ல் பட்டால் புது டிரிட்டியம் பிறக்கும். ஒன்றுக்கு ஒன்று, ஆனால் சேதாரம் உண்டு: வெப்பமூட்டும் குழாய்கள், ஜன்னல்கள் இருக்கும் இடத்தில் லித்தியம் வைக்க முடியாது, எஃகும் கொஞ்சம் விழுங்கும். ஈடுகட்ட ஈயமோ பெரிலியமோ கலப்பார்கள்; ஒரு நியூட்ரான் மோதினால் இரண்டு வரும். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 ஏறக்குறைய 7.5 சதவீதமே, அதன் பங்கையும் உயர்த்திச் செறிவூட்டியாக வேண்டும். இந்தச் சுற்று முழுவதையும் எந்த இயந்திரமும் இன்னும் ஓட்டிக் காட்டவில்லை. வெப்பநிலைச் சாதனைகளைவிட நான் கவனிப்பது இதைத்தான்.

கேள்வி: வெடித்துவிட்டால்?

பதில்: வெடிக்காது. எந்த நொடியிலும் பிளாஸ்மாவில் இருப்பது சில கிராமுக்கும் குறைவு, தடுமாறினால் அணைந்துவிடும். கவலை டிரிட்டியக் கசிவுதான்: சூடான உலோகத்தையே ஊடுருவும், தண்ணீரோடு சேர்ந்து உடம்புக்குள் போகும்.

கேள்வி: சோலார் இவ்வளவு மலிந்த பிறகு இது எதற்கு?

பதில்: வெயிலும் காற்றும் சேர்ந்து ஓய்ந்த நாட்களுக்கு. செலவெல்லாம் கட்டுமானத்தில் இருப்பதால் உலை இரவுபகலாக ஓடினால்தான் கட்டுபடியாகும். நண்பகலில் சோலாருக்காகக் குறைத்தால் யூனிட் விலை ஏறும். அந்த நேரத்து வெப்பத்தை உருகிய உப்பில் தேக்கி மாலையில் விடுவது நல்ல வழி. ஈட்டரில் டிரிட்டியம் எரிப்பதே 2039-ல்தான் என்பது இப்போதைய திட்டம். அதை நம்பி இன்றைய சோலார், காற்றாலை, பேட்டரி வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.